பழியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு

கொலம்பியா, தென் கரோலைனா
2024 ஏப்ரல் 6, சனிக்கிழமை

கேம்காக்ஸ் பெண்கள் கூடைப்பந்து அணியின் சக ரசிகர்களுக்கு,



நாளை ஞாயிறு மதியம் 3 மணிக்கு கிளீவ்லாண்டில் ஐயோவாவோடு தேசிய இறுதி ஆட்டம். நம்மூரில் தொடங்கும் ஐ-77 நெடுஞ்சாலை 610 மைல் ஓடிப் போய் முடிவதும் அதே கிளீவ்லாண்டில்தான். உங்களில் பலர் இந்நேரம் அந்தச் சாலையில் மேற்கு வர்ஜினியா மலைகளைச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். திங்கட்கிழமை அதே ஊருக்கு முழுச் சூரிய கிரகணம் வேறு. கூடைப்பந்துக் கூட்டமும் கிரகணம் பார்க்கும் கூட்டமும் ஒரே வாரக் கடைசியில் வந்து குவிந்திருக்க, ஓட்டல் அறைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்ப மாட்டேன்.

நான் சொல்ல வந்தது உங்கள் பெட்டியைப் பற்றி. கார்னெட் சிவப்புச் சட்டை, கொடி, சேவல் படம் போட்ட தொப்பி, இவற்றோடு போன வருடத்துப் பழியையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். ஒரு வருடமும் ஒரு வாரமும் பத்திரமாகக் காப்பாற்றிய பழி. வழியில் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தும் இடத்தில் அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோபப்படாமல் கேளுங்கள். 2023 மார்ச் 31, டாலஸ், அரையிறுதி. அந்த சீசனில் நாம் 36-0. முந்தைய சீசனின் கடைசி வெற்றிகளையும் சேர்த்தால் தொடர்ச்சியாக 42. நடப்புச் சாம்பியனும் நாம்தான். எதிரே ஐயோவா, அவர்களிடம் கெய்ட்லின் கிளார்க். ஆட்டம் முடிந்தபோது பலகையில் ஐயோவா 77, தென் கரோலைனா 73. கிளார்க் மட்டும் 41.

அந்த 41 நம்மை விட்டுப் போகவே இல்லை. முடிதிருத்தும் கடையில் அதைத்தான் பேசினோம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அதைத்தான் பேசினோம். ஒரு பெண் தனி ஆளாக நம்மைக் கவிழ்த்துவிட்டார் என்றே சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை நம்பியும்விட்டோம். அந்த ஆட்டத்தின் கணக்குத் தாளை யாரும் திரும்ப எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பாருங்கள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து கிளார்க் அன்று 17 முறை எய்தார். விழுந்தவை 5. மிச்சம் 12 வெளியே போயின. ரீபவுண்டில் நாம் 49, அவர்கள் 25. நம் 49-இல் 26, நாமே தவறவிட்டு நாமே எம்பிப் பிடித்தவை. இந்த இரண்டு எண்ணை மட்டும் காட்டி, ஜெயித்தது யார் என்று கூடைப்பந்து தெரிந்த எவரைக் கேட்டாலும் தயங்காமல் நம் பெயரைச் சொல்வார். 26 முறை மறுவாய்ப்பு கிடைத்தும் 73-இல் நின்றுபோனோம் என்றால் கோளாறு எங்கே இருந்தது? அதே தாளில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது: மூன்று புள்ளி வீச்சில் தென் கரோலைனா, 20-க்கு 4.

இது ஐயோவாவின் பயிற்சியாளர் லீசா ப்ளூடர் எதிர்பார்த்து வந்த கணக்கு. வெளியே நிற்பவர்கள் எய்தால் எய்யட்டும், விழாது என்று துணிந்து விட்டுவிட்டார். அவர் ஆட்கள் வளையத்தின் அடியில் குவிந்தார்கள். அலியா பாஸ்டன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு பேர், சமயத்தில் மூன்று பேர். போதாக்குறைக்கு ஆரம்பத்திலேயே இரண்டு ஃபவுல் வாங்கி பாஸ்டன் பெஞ்சில் உட்கார நேர்ந்தது. நாட்டின் தலைசிறந்த உயரக்காரி அன்று எடுத்தது 8 புள்ளி.

இந்தத் திட்டத்துக்கு ஒரு படம் உண்டு. உங்கள் எல்லோருடைய போனிலும் அது இருந்தது, இன்னும் பலரிடம் இருக்கும். ரேவன் ஜான்சன் கோட்டுக்கு வெளியே பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எதிரே நிற்க வேண்டிய கிளார்க் எட்டப் பின்வாங்கி, வளையத்துப் பக்கம் போய் நின்றுகொண்டு, வலக்கையை அலட்சியமாக ஒரு வீசு வீசுகிறார். ஈ ஓட்டுகிற மாதிரி. எய்துகொள், உன்னைக் காக்க நான் வரப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம். இரண்டே நொடிதான். அந்த இரண்டு நொடியை நாடு முழுக்கப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள்.

அப்போது ரேவன் கல்லூரி ஆட்டத்தில் அடியெடுத்து வைத்த புதிது. முதல் வருடத்தை முழங்கால் காயத்தில் இழந்துவிட்டு வந்தவர். அந்தக் காணொளி சுற்றிய நாட்களில் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாகப் பிறகு அவரே சொன்னார். விடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று எய்து பழகினார். இந்த சீசனுக்குப் பழிவாங்கும் பயணம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

ஒரு வாரம் முன்பு ஆல்பனியில் இண்டியானாவோடு நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். 22 புள்ளி முன்னால் இருந்தோம். கரைந்து கரைந்து இரண்டே புள்ளிக்கு வந்துவிட்டது. கடைசி நிமிடம். பந்து கோட்டுக்கு வெளியே ரேவன் கையில். போன வருடமாக இருந்திருந்தால் நம்மில் பாதிப்பேர் கண்ணை மூடியிருப்போம். எய்தார், விழுந்தது. 79-75 என்று தப்பித்து வந்தோம். என்னைக் கேட்டால் டாலஸுக்கான பதில் அன்றே எழுதப்பட்டுவிட்டது. நாளை நடக்கப்போவது அதை ஐயோவாவுக்கு நேரில் வாசித்துக் காட்டுவது.

ஆக, பழி என்று ஒன்று இருந்தால் அது ரேவனுடையது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார், அவருக்கு அதில் பாத்தியதை உண்டு. நமக்கு?

நாளை ஆடப்போகிற அணியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டாலஸில் முதல் ஐவராக இறங்கிய பாஸ்டன், ஸியா குக், ப்ரியா பீல், கியரா ஃப்ளெச்சர், விக்டேரியா சாக்ஸ்டன் ஐந்து பேரும் போய்விட்டார்கள். பாஸ்டன், குக், பீல், அவர்களோடு லாடிஷியா அமிஹியர் என்று 2019-இல் ஒன்றாக வந்து சேர்ந்து நான்கு வருடத்தில் 129 வெற்றி, 9 தோல்வி என்று ஆடிவிட்டுப் போன அந்த வகுப்பைப் போல் இன்னொன்று இனி அமையுமா தெரியாது. அவர்கள் கலைந்த பிறகு சீசன் தொடங்கும் முன் வந்த தரவரிசையில் நம்மை ஆறாவது இடத்தில் வைத்தார்கள். அதுவே தாராளம் என்று நம்மில் சிலரே சொன்னோம். டீ-ஹீனா பாவ்பாவ் அப்போது ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். மிலேசியா ஃபுல்வைலியும் டெஸா ஜான்சனும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். டாலஸில் தோற்றது யார் என்று இவர்களைக் கேட்டால், நீங்கள்தான் என்று நம்மைக் கைகாட்டுவார்கள்.

இந்தக் கூட்டத்துக்குக் குழந்தைகள் காப்பகம் என்று பெயர் வைத்தவர் நம் பயிற்சியாளர் டான் ஸ்டேலி. சிரிப்பு, கூத்து, நேரத்துக்கு எதையும் செய்யாமை, பயிற்சியாளரின் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் அத்தனையும் அவர்களிடம் உண்டு. ஆனால் நவம்பரில் பாரிஸுக்குப் போய் நோட்டர் டேமை 100-71 என்று அடித்துவிட்டு வந்ததும் அதே பிள்ளைகள்தான். அந்த ஆட்டத்தில் ஃபுல்வைலி பந்தை முதுகுக்குப் பின்னால் கை மாற்றி, காற்றிலேயே உடலைத் திருப்பி வளையத்துக்குள் போட்டதை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. நம்மூர் கீனன் உயர்நிலைப் பள்ளியில் படித்த பெண் அவர். பேருந்துப் பாதையில் வளர்ந்த பிள்ளை பாரிஸில் அப்படி ஒன்றைப் போட்டால் ஊருக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கமில்லா கார்டோசோ இன்னொரு கதை. பிரேசிலிலிருந்து பதினைந்து வயதில் தனியே வந்தவர், 6 அடி 7 அங்குலம். மார்ச் 9-ஆம் தேதி கிரீன்வில்லில் எஸ்.இ.சி. போட்டி, டென்னஸியோடு அரையிறுதி. 1.1 நொடி மிச்சம், நாம் இரண்டு புள்ளி பின்னால். கல்லூரி ஆட்டத்தில் அதுவரை ஒரு மூன்று புள்ளிகூடப் போட்டிராத கார்டோசோவிடம் பந்து போகிறது. பலகையில் மோதி உள்ளே விழுந்தது. 74-73. மறுநாள் எல்.எஸ்.யு.வோடு இறுதியில் அதே கார்டோசோ எதிரணி வீராங்கனையைப் பிடித்துத் தள்ளி வெளியேற்றப்பட்டு, தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தை இழந்ததும் உண்மைதான். கோபம் என்ன விலை கேட்கும் என்று இந்த அணிக்கு ஏற்கெனவே ரசீது வந்துவிட்டது. நேற்று என்.சி. ஸ்டேட்டை 78-59 என்று முடித்த ஆட்டத்தில் அவருக்குக் காலில் அடிபட்டு, திரும்ப வந்து 22 புள்ளியும் 11 ரீபவுண்டும் எடுத்தார். நாளைக்கு நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டென்றால் அந்தக் கால்.

கலோனியல் லைஃப் அரங்கில் என் இருக்கைக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் உட்காருவார். ஸ்டேலி 2008-இல் வந்து, முதல் சீசனில் 10 வெற்றி 18 தோல்வி என்று திணறியபோதே வந்து உட்கார்ந்தவர். அப்போது எந்த வரிசையில் வேண்டுமானாலும் காலை நீட்டிக்கொள்ளலாமாம். இப்போது 18,000 பேர் பிடிக்கும் அரங்கம். 2014-15 முதல் பெண்கள் கூடைப்பந்தில் நாட்டிலேயே அதிகக் கூட்டம் நம்முடையது. கால் நீட்டுவதை விடுங்கள், முழங்கையை வைக்க இடம் கிடையாது. இந்த அம்மா மடியில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருப்பார். நம் அணி தவறவிட்ட ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கோடு, பிடித்த ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் ஒரு புள்ளி. எதிரணியின் புள்ளிகளை எழுதவே மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அதுக்குத்தான் மேலே இவ்வளவு பெரிய பலகை வெச்சிருக்காங்களே, நான் வேற எழுதணுமா?” என்றார்.

அந்த நோட்டைத்தான் நாளைக்கு உங்கள் கையில் கொடுக்க விரும்புகிறேன். கிளார்க் புள்ளி எடுப்பார். முப்பது எடுப்பார், நாற்பதும் எடுக்கலாம். திங்கட்கிழமைதான் எல்.எஸ்.யு.வுக்கு எதிராக இன்னொரு 41 எடுத்துக் காட்டினார், போன வருடத்து இறுதி ஆட்டக் கடனை 94-87 என்று தீர்த்தார். நடுக்களத்து லோகோவுக்குப் பக்கத்தில் நின்று அவர் எய்வது நமக்கு எதிராகப் போட்ட சதி இல்லை, அவருக்கு அது வாடிக்கை. பிப்ரவரி 15-ஆம் தேதி மிச்சிகனோடு ஆடி கல்லூரி ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் கெல்சி ப்ளம்மின் 3,527 புள்ளியைத் தாண்டியதும் அங்கிருந்து எய்த ஒன்றில்தான். அந்த இரவு மொத்தம் 49. மார்ச் 3-ஆம் தேதி பீட் மராவிச்சின் 3,667-ஐயும் தாண்டிவிட்டார். மராவிச் மூன்றே சீசனில், மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில் எடுத்தவர் என்று நம் வரிசைக்குப் பின்னால் இருந்து ஒரு பெரியவர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார். வாதாடட்டும். அவரும் கிளார்க் பந்தைத் தொடும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

கிளார்க்கை நிறுத்தினால் ஐயோவா நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் நேற்றைய இரண்டாவது அரையிறுதியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். யூகானின் நிகா ம்யூல் அவரைவிட்டு ஓரடி விலகாமல் ஒட்டிக்கொண்டே ஓடினார். முதல் பாதியில் கிளார்க் எடுத்தது 6. அப்படிப் பார்த்தால் யூகான் நாளைக்கு நம்மோடு ஆட வேண்டும். ஆடப்போவது ஐயோவா, 71-69. ஹன்னா ஸ்டூல்கீ 23 எடுத்தார். கடைசி 4 நொடிக்குள் யூகானுக்கு எதிராக நடுவர் கொடுத்த ஸ்கிரீன் ஃபவுல் சரியா தவறா என்று இன்று காலை முதல் நாடே அடித்துக்கொள்கிறது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அவரை ஆறில் கட்டிப்போட்டும் யூகானால் ஜெயிக்க முடியவில்லை, டாலஸில் அவர் 12 தவறவிட்டும் நம்மால் முடியவில்லை. அவர் எண்ணை வைத்து ஆட்டத்தை அளப்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நாளை நாம் பார்க்க வேண்டிய இடம் நம் பக்கத்து வளையம். பாவ்பாவ் எய்வது விழுகிறதா, ப்ரீ ஹால் எய்வது விழுகிறதா, ரேவனை விட்டுவிட்டு வளையத்தடிக்கு ஓட ஐயோவாவுக்கு இந்த முறை துணிச்சல் வருகிறதா. வெளியே நிற்பவர்களை அவர்கள் காக்க வந்துவிட்டால், உள்ளே கார்டோசோவுக்கு எதிரே நிற்க அவர்களிடம் அந்த உயரத்தில் ஆள் இல்லை.

இனி எரிச்சலைப் பற்றி. இது நியாயமான எரிச்சல் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

37-0 என்று வரும் அணி, தன்னுடைய இறுதி ஆட்டத்துக்கு இன்னொருவரின் பிரிவுபசார விழாவுக்கு வந்த விருந்தாளியாகப் போய் நிற்கிறது. டிவியைத் திருப்பினால் கிளார்க்கின் கடைசி ஆட்டம், கிளார்க்கின் கனவு, கிளார்க்கின் அப்பா கேலரியில் என்ன முகம் காட்டினார். நம் பிள்ளைகள் ஜெயித்தால், பெண்கள் கூடைப்பந்தில் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்ற பத்தாவது சீசனாகும். இதுவரை ஒன்பது முறைதான் நடந்திருக்கிறது, அதில் ஆறு யூகானுடையது. இதைச் சொல்ல விளம்பர இடைவேளைக்கு முன் அரை நிமிடம் கிடைக்கிறது.

இதற்கு அடியில் இன்னும் பழைய எரிச்சல் ஒன்று உண்டு. டாலஸ் ஆட்டத்துக்கு முன்னால், தென் கரோலைனாவோடு ரீபவுண்டுக்கு மோதுவது மதுக்கடைச் சண்டைக்குப் போவது மாதிரி என்று வேறொருவர் சொன்னதை ப்ளூடர் செய்தியாளர்களிடம் எடுத்துச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தோற்ற இரவில் ஸ்டேலி அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போகவில்லை. என் பிள்ளைகள் தெருச்சண்டைக்காரர்கள் இல்லை, அடியாட்கள் இல்லை, அவர்களைப் பற்றி இப்படிப் பேசிப் பேசியே மற்றவர்கள் மனதில் ஒரு படம் விழுந்துவிடுகிறது என்றார். பெரும்பாலும் கருப்பினப் பெண்கள் ஆடும் அணி பலமாக ஆடினால் முரடு, மற்றவர்கள் ஆடினால் போராட்ட குணம். இந்த அகராதி நமக்குப் பழக்கம்தான்.

நம் அரங்கத்துக்கு வெளியே நம் பழைய வீராங்கனை ஏஜா வில்சனின் சிலை நிற்கிறது. 2021 ஜனவரியில் அதைத் திறந்த அன்று அவர் தன் பாட்டியைப் பற்றிப் பேசினார். பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் இந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கால் வைக்க முடியாது. வெளியே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கருப்பின மாணவர்களுக்கு இங்கே கதவு மறுபடி திறந்தது 1963-இல்தான். இன்று அந்தப் பாட்டியின் பேத்திக்கு அங்கே வெண்கலச் சிலை. ஆட்ட நாளன்று வெள்ளைக்காரத் தாத்தாக்களும் கருப்பினப் பாட்டிகளும் ஒரே பாப்கார்ன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுகிறார்கள். இந்த அணி நமக்கு என்னவாக இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஏன் புரியவில்லை என்று அலுத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த எரிச்சலைக் கிளார்க் தலையில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அவர் ஒன்றும் தொலைக்காட்சி நிலையம் நடத்தவில்லை.

முக்கியமாக, அந்தக் கைவீச்சு. நாளைக்கு அரங்கத்தில் அதைச் செய்து காட்டக் காத்திருப்பவர்கள் உங்களில் உண்டு. கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தவர்களும் இருப்பீர்கள். போன வருடம் இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் எல்.எஸ்.யு.வின் ஏஞ்சல் ரீஸ் கிளார்க் முன்னால் போய்க் கையை ஆட்டினார். அதே போட்டியின் காலிறுதியில் கிளார்க் செய்த சைகையைத்தான் திருப்பிச் செய்தார். என்ன நடந்தது? 102-85 என்று பட்டம் வென்ற அணியின் ஆட்டத்தைப் பற்றி யாருக்காவது ஒரு வரி நினைவிருக்கிறதா? முதல் பாதியில் மட்டும் 21 புள்ளி போட்டுத்தள்ளிய ஜாஸ்மின் கார்சனின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? வாரக்கணக்கில் பேசியது ரீஸின் கையைப் பற்றி. கிளார்க்கே வந்து ரீஸைத் திட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நாளை மாலை நாம் ஜெயித்து, நம் பக்கத்து இருக்கைகளிலிருந்து நாற்பது வயது ஆள் ஒருவர் 22 வயதுப் பெண்ணைப் பார்த்து அந்தக் கையை வீசினால், கேமரா அவரைத்தான் தேடும். திங்கட்கிழமை காலை ஃபுல்வைலி ஓடாது, கார்டோசோ ஓடாது, 38-0 ஓடாது. அந்தக் கைதான் ஓடும். ரேவன் வீசட்டும், அவருக்கு அந்தக் கணக்கு இருக்கிறது. அவர் வீசாமல் விட்டால் அதுவும் அவர் இஷ்டம். நாம் அந்த ஆட்டத்தில் ஒரு வீச்சும் தவறவிடவில்லை, ஒன்றும் போடவும் இல்லை. உட்கார்ந்து பார்த்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரல் 15-ஆம் தேதி டபிள்யூ.என்.பி.ஏ. வீராங்கனைத் தேர்வு. முதல் தேர்வு இண்டியானா ஃபீவர் கையில். அவர்கள் யாரைக் கூப்பிடப் போகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. அதே இண்டியானாவில் இப்போது நடுவில் நின்று ஆடிக்கொண்டிருப்பவர் நம் அலியா பாஸ்டன், போன வருடத்து முதல் தேர்வு. டாலஸில் எந்தப் பெண் வந்து அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டாரோ, அதே பெண் அடுத்த மாதம் அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கப்போகிறார். இந்த மே மாதம் நீங்கள் அலியாவைப் பார்க்க டிவியைப் போடுவீர்கள். கிளார்க் பந்தோடு ஓடி வருவார். ‘குடு, அலியாகிட்ட குடு’ என்று கத்துவீர்கள். அதற்காகவாவது நாளைக்கு வாயைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

சத்தம் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளீவ்லாண்டில் கறுப்பும் மஞ்சளும்தான் அதிகம் தெரியும்; ஐயோவாக்காரர்கள் கிளார்க் போகும் ஊரெல்லாம் கூடவே போய் எதிரணி அரங்கையும் நிரப்பிப் பழகியவர்கள். போன அக்டோபரில் அவர்கள் கால்பந்து மைதானத்தில் நடத்திய கூடைப்பந்து ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். எண்ணிக்கையில் நம்மால் முடியாது. நாம் கத்துகிற நேரத்தைப் பார்த்துக் கத்த வேண்டும். கிளார்க் பந்தைத் தொடும்போதெல்லாம் ஊளையிட்டுத் தொண்டையைத் தீர்த்துக்கொள்ளாமல், நம் ஆட்கள் தவறவிட்டு எம்பிப் பிடிக்கும் அந்த நொடிக்கு வைத்திருங்கள்.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளார்க் சூட்டோடு தொடங்குவார். முதல் கால் பகுதியில் பதினைந்துக்கு மேல் போட்டாலும் போடுவார். உடனே முடிந்தது கதை என்று எழுந்து சமையலறைக்குள் போய் நின்றுகொள்ளும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. போகாதீர்கள். நம் அணிக்குப் பெஞ்சு நீளம். ஐயோவாவில் கிளார்க் நாற்பது நிமிடமும் ஓடியாக வேண்டும். ஃபுல்வைலியும் டெஸா ஜான்சனும் எழுந்து வரும் நேரத்தில்தான் இந்த சீசனில் பல ஆட்டங்கள் நம் பக்கம் திரும்பியிருக்கின்றன. டெஸா மின்னசோட்டாவிலிருந்து வந்த முதல் வருடப் பெண், அதிகம் பேச மாட்டார், வெளியே நின்று எய்தால் விழும். இரண்டாம் கால் பகுதியில் அவர் மேல்சட்டையைக் கழற்றும்போது எல்லோரும் டிவி முன்னால் இருங்கள். சாப்பாட்டை இரண்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரிசைக்காரன்